விஷுவல் என்று சொன்னவன்

ஸ்குவாட்ரன் லீடர் வினோத்குமாருக்கு இன்னாரைப் பிடிக்காது என்று தனியாகச் சொல்ல முடியாது. எல்லோரையும்தான் பிடிக்காது. சரக்கு விமானம் ஓட்டுகிறவர்கள், சண்டை விமானம் ஓட்டும் அவனுக்கு, லாரி டிரைவர்கள். ஹெலிகாப்டரில் போகிறவர்கள் மிக்ஸிக்குள் உட்கார்ந்திருப்பவர்கள். இனிமேல் தூரத்திலிருந்தே ஏவுகணையை விட்டுவிட்டுத் திரும்பிவிடலாம், நேருக்கு நேர் சுற்றிச் சுற்றிச் சண்டை போடும் காலமெல்லாம் மலையேறிவிட்டது என்று யாராவது சொன்னால், அந்த ஆளை மனிதக் கணக்கிலேயே சேர்க்கமாட்டான்.

"ரெண்டு பேரும் இருக்கிற ஏவுகணையெல்லாம் விட்டு, எல்லாம் தப்பிருச்சுன்னு வையி. அப்புறம் என்ன பண்ணுவ? டாட்டா காட்டிட்டு வீட்டுக்கு வந்துருவியா?" என்பான்.

நெருங்கிச் சுற்றும் சண்டையில் அந்த விமானப்படை ஸ்குவாட்ரனில் அவனை வென்றவர் கிடையாது. இதை ஒப்புக்கொள்ளாமல் மேற்கொண்டு கதை சொல்ல முடியாது. பயல் கெட்டிக்காரன்தான். அந்தக் கெட்டிக்காரத்தனம் இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் தலையிலேயே உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

அப்போது அவர்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பயிற்சிக்காக வந்திருந்தார்கள். காலையிலும் மதியத்திலும் இரண்டிரண்டு விமானமாகக் கிளம்பி, வாலிநோக்கத்துக்குத் தெற்கே கடலுக்கு மேல் போய்ச் சண்டை பழகிவிட்டு வருவார்கள். அடுத்த வாரம் ஒரு தேர்வாளர் வருவதாக இருந்தது. விமானச் சண்டையின் தந்திரங்களைச் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளி உண்டு. அதற்கு வாத்தியாராகப் போவதுதான் வினோத்குமாருக்குப் பிறவிப்பயன். அந்த வாத்தியார்களைப் பார்த்தால் மற்ற விமானிகள் எழுந்து நிற்பார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு. அந்தத் தேர்வாளர் முன்னால் பறந்து காட்டி, அவர் தலையாட்டினால் வேலை முடிந்தது. இந்த வருஷம் விட்டால் வயசு தாண்டிவிடும், அப்புறம் கிடையாது.

"அந்த ஆளு வந்து என்னத்தப் பாக்கப் போறாரு? பாத்து ஏதாவது கத்துக்கிட்டுப் போகட்டும்" என்று மெஸ்ஸில் சொன்னான். அவனுடன் ஒன்றாகப் பயிற்சி முடித்த இமானுவேல் மட்டும் சிரித்தான். இமானுவேல் தங்கச்சிமடத்துக்காரன், எதற்கும் சிரிப்பவன். அவனையும் வினோத்துக்குப் பிடிக்காதுதான், ஆனால் சிரிக்கிறானே என்று பொறுத்துக்கொண்டான்.

ஸ்குவாட்ரனுக்குப் புதிதாக வந்திருந்தவள் ஃப்ளைட் லெஃப்டினென்ட் சத்யப்பிரியா. தேவிபட்டினம். அவள் அப்பா சேதுராமன், கடலுக்குள் நவக்கிரகம் நிற்கும் நவபாஷாணத்துக்கு வரும் ஜனங்களுக்கு நவதானியப் பொட்டலம் விற்கிறவர். திருவாடானைப் பக்கத்தில் நிலபுலனோடு பிறந்த வினோத்துக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்தது. "பொட்டலம் மடிக்கத் தெரிஞ்ச கைக்கு விமானத்துல ஸ்டிக் எப்படிப் பிடிக்கத் தெரியும்?" என்று அவள் காதுபடவே கேட்டான். அவள் கேட்காதவளைப்போலத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள்.

அவளுக்கு அவன் வைத்த பெயர் 'விசில்'.

அதற்குக் காரணம் இருந்தது. சண்டைப் பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. விமானத்தில் இருக்கும் யாரும், எவ்வளவு இளையவராக இருந்தாலும், ஏதோ சரியில்லை என்று பட்டால் ரேடியோவில் "நாக் இட் ஆஃப்" என்று சொல்லலாம். சொன்ன மாத்திரத்தில் சண்டை நின்றுவிட வேண்டும். எதிராளி அதையே திருப்பிச் சொல்லி, சிறகை ஆட்டிவிட்டு, நேராகப் பறக்க வேண்டும். எதற்குச் சொன்னாய் என்று மேலே வைத்துக் கேட்கக்கூடாது. கீழே வந்தும் அதற்காக ஒருவரும் திட்டக்கூடாது. சத்யப்பிரியா வந்த புதிதில், அலகும் சிறகுமாக ஒரு கூட்டம் பறவை குறுக்கே போகிறது என்று அதைச் சொன்னாள். வினோத் அவள் வாலுக்குப் பின்னால் போய் வென்றுகொண்டிருந்த நேரம்.

"பயந்தவன் கையில ஒரு விசிலக் குடுத்து வச்சிருக்காங்க. ஊது, ஊது. பாகிஸ்தான்காரனும் நிப்பாட்டிட்டு நின்னுக்கிருவான்" என்றான் வினோத். திட்டக்கூடாது என்றுதானே விதி, கேலி செய்யக்கூடாது என்று எங்கே இருக்கிறது? அன்றிலிருந்து அவள் விசில்.

அந்தச் சண்டை என்னவென்று இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இரண்டு விமானம் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று கடக்கும். கடந்த கணத்தில் தொடங்கும். யார் அடுத்தவன் வாலுக்குப் பின்னால் போய்ச் சேர்கிறானோ அவன் வென்றான். சொல்வதற்கு இவ்வளவுதான். வேகமாகப் போனால் திரும்புகிற வட்டம் பெரிதாகிவிடும், எதிராளி உள்ளே வெட்டி நுழைந்துவிடுவான். வேகத்தைக் குறைத்தால் வட்டம் சுருங்கும், ஆனால் அப்புறம் மேலே எழும்ப மூச்சு இருக்காது. உயரம் என்பது கண்மாயில் தேக்கிவைத்த தண்ணீர். மடையைத் திறந்து கீழே பாய்ந்தால் வேகம் கிடைக்கும். அந்த வேகத்தைக் கொண்டு மறுபடி ஏறலாம். ஆனால் ஒவ்வொரு இறுக்கமான திருப்பத்திலும் கொஞ்சம் வீணாகிக்கொண்டே வரும். எவன் கண்மாய் முதலில் வற்றுகிறதோ அவன் செத்தான். இத்தனையும் உடம்பின் எடை ஏழு எட்டு மடங்காகி இருக்கையோடு வைத்து அமுக்கும்போது, தலையிலிருந்து ரத்தம் இறங்கிவிடாமல் வயிற்றையும் தொடையையும் இறுக்கி முக்கிக்கொண்டு, கழுத்தை முறுக்கிப் பின்னால் பார்த்தபடி செய்ய வேண்டும். ஏனென்றால் எதிராளி கண்ணில் இருக்கிறவரைதான் சண்டை. கண்ணைவிட்டுப் போய்விட்டால் நீ வெறும் வானத்தில் வேடிக்கை பார்க்கிறவன்.

அதனால் கண் விஷயத்தில் மட்டும் பொய் கிடையாது. எதிராளியைக் காணவில்லையா, உடனே "பிளைண்ட்" என்று சொல்லிவிட வேண்டும். மற்றவனுக்குத் தெரிந்தால் அவன் "விஷுவல்" என்பான். அப்படிச் சொன்னவன்தான் அதற்கப்புறம் இரண்டு பேர் உயிருக்கும் பொறுப்பு. நடுவே ஐந்நூறு அடி இடைவெளியை அவன் காப்பாற்ற வேண்டும். பிளைண்ட் என்று சொன்னவர் அவன் சொல்லை நம்பிக் கண்ணில்லாமல் பறந்துகொண்டிருப்பார். அவனுக்கும் தெரியவில்லையென்றால், நாக் இட் ஆஃப். வீட்டுக்குப் போகலாம்.

அன்று உச்சி வெயிலில் வினோத்தும் சத்யப்பிரியாவும் கிளம்பினார்கள்.

முதல் சுற்று சீக்கிரமே முடிந்தது. கடந்ததும் அவள் மொத்த பலத்தையும் போட்டுத் திரும்பினாள். வினோத் அவசரப்படவில்லை. மூக்கை மேலே தூக்கி, வேகத்தை உயரமாக்கி, தலைகீழாகக் கவிழ்ந்து, கண்ணாடிக் கூரை வழியே அவள் கீழே வட்டம் போடுவதைப் பார்த்தான். திரும்பித் திரும்பி அவள் வேகமெல்லாம் தீர்ந்ததும், மெல்ல இறங்கி வாலில் உட்கார்ந்தான். "செத்துட்ட. அடுத்தது" என்றான்.

இரண்டாவது சுற்றில் அவள் வேறொன்று செய்தாள். கடந்ததும் திரும்பாமல் நேரே கீழே பாய்ந்து கரைப்பக்கம் ஓடினாள். வினோத்துக்குச் சிரிப்பு வந்தது. அவள் போவது வாலிநோக்கம் உப்பளத்துக்கு மேல். அது அவனுடைய வித்தை! பாத்தியில் தண்ணீர் கட்டி உப்பு விளைந்து கிடக்கும் நேரத்தில், உச்சி வெயில் பட்டால் அந்த இடம் முழுக்கக் கண்ணாடியாகிவிடும். அதற்கு மேல் தாழப் போகும் சாம்பல் விமானம் மேலேயிருந்து பார்க்கிறவன் கண்ணுக்குச் சிக்காது. எத்தனையோ பேரை அவன் அங்கே கொண்டுபோய்க் கண்ணைக் கட்டி வென்றிருக்கிறான். இப்போது பொட்டலக்காரர் மகள் அவனிடமே அதைக் காட்டுகிறாள்.

"என் வித்தைய எனக்கேவா?" என்று முனகிக்கொண்டு அவளுக்கு நேர் மேலே ஏறினான். கவிழ்ந்து கீழே பார்த்தான்.

வெள்ளை. அத்தனையும் வெள்ளை. பாத்தி பாத்தியாக வெயில் திருப்பி அடித்தது. கண்ணைச் சுருக்கினான், தலையைச் சாய்த்தான். அவளைக் காணோம்.

அதே நேரத்தில் ரேடியோவில் அவள் குரல். "பிளைண்ட்." மேலே அண்ணாந்து பார்த்திருப்பாள். அவன் சூரியனுக்குள் இருந்தான்.

இப்போது அவன் சொல்லவேண்டியது ஒரே வார்த்தை. அதே வார்த்தை. நானும் பிளைண்ட் என்று சொல்லியிருந்தால் சண்டை நின்றிருக்கும், இந்தக் கதையும் கிடையாது. ஆனால் ரேடியோவில் பேசுவதெல்லாம் பதிவாகும். அடுத்த வாரம் வருகிற ஆள் கேட்டாலும் கேட்பார். வினோத்குமார் எதிராளியைத் தொலைத்தான், அதுவும் யாரை? விசிலை! அதுவும் தன் உப்பளத்தில்! நாக்கு எழும்பவில்லை. இந்தா, இப்போது கண்ணில் பட்டுவிடுவாள் என்று தேடினான். இந்தா, இந்தா.

"விஷுவல்" என்றான். "கன்டினியூ."

சொல்லிவிட்டு, அவள் இருக்கக்கூடும் என்று கணக்குப் போட்ட இடத்துக்குச் சற்று ஒதுங்கி மூக்கைக் கீழே இழுத்தான். கணக்கு தப்பு. அவள் அவன் சொல்லை நம்பி, பிளைண்ட் சொல்லும் முன்பே தொடங்கிய ஏற்றத்தை அப்படியே ஏறிக்கொண்டிருந்தாள். வெள்ளையிலிருந்து ஒரு சாம்பல் நிறம் பிய்த்துக்கொண்டு வந்தது. வந்தது தெரிவதற்குள் கண்ணாடி முழுக்க அதுவாகவே இருந்தது. அவள் ஹெல்மெட் தெரிந்தது. அவள் முகம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த நொடி அவள் மயிரிழையில் தாண்டிப்போன காற்றில் அவன் விமானம் பள்ளத்தில் விழுந்த பஸ்போலக் குலுங்கியது.

"நாக் இட் ஆஃப், நாக் இட் ஆஃப்" என்றாள் சத்யப்பிரியா. குரல் உடைந்திருந்தது.

"நாக் இட் ஆஃப்" என்றான் வினோத்.

கீழே வந்தால் அடுத்த வேலை, பறந்ததைப் பேசி அலசுவது. அந்த அறைக்குள் பதவி கிடையாது, வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்பார்கள். உள்ளே நடக்கும் பேச்செல்லாம் இங்கிலீஷ்தான். நமக்கு எதற்கு அது, நம் பேச்சிலேயே கேட்போம்.

ஸ்குவாட்ரனின் கமாண்டர் இரண்டு விமானத்தின் பதிவையும் திரையில் போட்டார். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போயின. நடுவே நூறு அடிகூட இல்லை. அறையில் இருந்த நாலைந்து விமானிகளும் திரைக்குப் பக்கம் வந்தார்கள். அப்புறம் குரலைப் போட்டார். "பிளைண்ட்" என்று அவள் சொன்னது கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரம் கொஞ்சம் நீளமாகவே போயிற்று. பிறகு "விஷுவல்" என்று அவன் குரல். இமானுவேல் தலையைத் தூக்கி வினோத்தைப் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை.

"வினோத், உனக்குத் தெரிஞ்சுச்சா?" என்றார் கமாண்டர்.

"தெரிஞ்சுச்சு சார். ஐந்நூறு அடி விட்டுத்தான் வந்தேன். இவங்க திடீர்னு என் மேல இழுத்துட்டாங்க."

விமானத்துக் கேமரா நேராக முன்னால் பார்க்கும். விமானியின் கண் எங்கே பார்த்தது என்பதைக் காட்டும் கேமரா எங்கும் கிடையாது. அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"நீ என்ன சொல்ற?" என்று அவள் பக்கம் திரும்பினார் கமாண்டர்.

சத்யப்பிரியா எழுந்து நின்றாள். "சார் விஷுவல்னு சொன்னாங்க. நம்பி ஏறுனேன்."

கண் தெரியாத நேரத்தில் ஏற்றத்தை இறுக்கியிருக்கிறாய் என்று அவள் பேரில் எழுதினார்கள். தேர்வாளர் வரும்வரை அவளுக்குச் சண்டை கிடையாது, பழைய பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். வினோத் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். ஆச்சு, தப்பித்தாச்சு. அவளைப் பார்க்க அவனுக்கு எரிச்சலாகத்தான் வந்தது. இவளுக்குக் கண்ணை ஒழுங்காக வைத்திருக்கத் தெரிந்திருந்தால் தனக்கு இந்தச் சங்கடம் வந்திருக்குமா?

அறைக்கு வெளியே நடையில் அவள் அவனை நிறுத்தினாள். அங்கே வேறு யாருமில்லை. இதுவரை அவனோடு இங்கிலீஷில் மட்டும் பேசியவள், அன்றுதான் ஊர்ப்பேச்சில் பேசினாள்.

"சார், நெசமாவே தெரிஞ்சுச்சா?"

"ஏம்மா, தெரியாமயா சொல்லுவேன்? இங்கன எத்தன வருசமா பறக்கிறேன்னு தெரியுமா ஒனக்கு?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "சரி சார்" என்றாள். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால்கூட அவனுக்குச் சமாளிக்கத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஊருக்குப் போனான். திருவாடானையைத் தாண்டி உள்ளே போனால் அவன் ஊர். முக்கு ரோட்டிலேயே ப்ளெக்ஸ் நின்றது. 'இந்திய விமானிகளின் ஆசானே வருக' என்று எழுதி, அவன் படத்தைப் போட்டு, பின்னால் ஒரு சண்டை விமானம். விமானத்தின் வாலில் வேறு எந்த நாட்டுக் கொடியோ இருந்தது. அதுவாவது பரவாயில்லை, மூக்கில் பயணிகள் ஏறுகிற ஏணியையும் சேர்த்து ஒட்டியிருந்தான் ப்ளெக்ஸ்காரன்.

"எவன் அய்யா இத அடிச்சது? இன்னும் ரிசல்ட்டே வரல" என்றான் வினோத்.

"வந்தா என்ன, வராட்டி என்ன, ஒன்ன விட்டா எவன் இருக்கான்?" என்றார் அப்பா செல்லச்சாமி. "அய்யனாருக்குக் கெடா நேந்தாச்சு. சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாச்சு. அடுத்த ஞாயித்துக்கெழம வெட்டு."

வினோத் மறுத்துப் பேசவில்லை. அப்பா சொன்னது அவனுக்கும் சரியாகத்தான் பட்டது.

வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. சித்தப்பா மகன் ஒருவன், நாளெல்லாம் போனில் போர் வீடியோ பார்க்கிறவன், "அண்ணே, இப்பல்லாம் டிரோன்தானாம்ல? பைலட்டே வேணாமாம்ல?" என்றான். வினோத் அவனை மேலும் கீழும் பார்த்தான். "ஏலே, ஒனக்கு பைக்கு ஓட்டத் தெரியுமா?" என்றான். "தெரியும்ணே." "அத ஒழுங்கா ஓட்டு, போ." எல்லோரும் சிரித்தார்கள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் இரண்டு விமானமாக்கி, ஒன்றின் பின்னால் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துக் காட்டினான். ஊர் வாயைப் பிளந்து பார்த்தது. ஒன்றும் விளங்காத இந்த மூஞ்சிகளிடம் காட்டி என்ன பிரயோசனம் என்று அவனுக்குச் சலிப்பாக இருந்தது. ஆனாலும் காட்டினான்.

அம்மா பாண்டியம்மாள் சோறு போடும்போது கேட்டாள். "கையி ரெண்டும் இடிச்சுக்கிற மாதிரில்லப்பு போகுது. ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன ஆத்தா" என்றான். "எதுத்தாப்ல வாரவனுக்குத்தான்."



தேர்வாளர் வந்தார். மெலிந்த மனிதர், நரைத்த மீசை, அதிகம் பேசாதவர். இப்படி ஓர் ஆளா தன்னை எடைபோடப் போகிறார் என்று வினோத் நினைத்தான். அவர் கீழே ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார், பிறகு பதிவைப் பார்ப்பார். எதிராளியாக யாரை அனுப்புவது என்று வந்தபோது, தண்டனை முடிந்து சும்மா இருப்பவள்தானே என்று சத்யப்பிரியாவைப் போட்டார்கள். வினோத்துக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். விசிலா? பத்து நிமிஷ வேலை.

காலை நேரம். உப்பளத்துப் பக்கமே போகவில்லை, கடலுக்கு மேல்தான் சண்டை. வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. கடந்தார்கள். இந்த முறை அவள் அவசரப்படவில்லை, உயரத்தை வீணாக்கவில்லை, அவனுக்கு ஈடு கொடுத்து ஏறினாள். இரண்டு விமானமும் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொண்டு, யார் மெதுவாகப் போவது, யார் பின்தங்குவது என்று இழுபறி. வினோத் சிறகைக் கவிழ்த்து அவள் வயிற்றுக்குக் கீழே நழுவிப் பின்னால் போனான். அருமையான வேலை, சும்மா சொல்லக்கூடாது. அவள் கண்ணுக்கு அவன் மறைந்தான்.

"பிளைண்ட்" என்றாள்.

அவனுக்கு அவள் பளிச்சென்று தெரிந்தாள். சிறகில் எழுதிய எண்கூடத் தெரிந்தது. "விஷுவல், கன்டினியூ!" என்றான் உடனே.

"நாக் இட் ஆஃப்" என்றாள் அவள்.

வினோத்துக்குப் புரியவில்லை. ஆனால் விதி விதிதான். திருப்பிச் சொன்னான், சிறகை ஆட்டினான், நேராகப் பறந்தான். பறவையா? இயந்திரக் கோளாறா? மேலே வைத்துக் கேட்கக்கூடாது. மறுபடி பிரிந்து போய், மறுபடி எதிரெதிராக வந்து கடந்தார்கள். மறுபடி அவன் அவள் பின்னால் போனான். மறுபடி "பிளைண்ட்." மறுபடி "விஷுவல்."

"நாக் இட் ஆஃப்."

கீழேயிருந்து தேர்வாளர் குரல் வந்தது. அவளை இறங்கச் சொல்லிவிட்டு இமானுவேலை அனுப்பினார். வினோத் பல்லைக் கடித்துக்கொண்டு கடலுக்கு மேல் காத்திருந்தான். கீழே வந்ததும் அவளைக் கிழித்துத் தோரணம் கட்டுவது என்று முடிவு செய்துகொண்டான். இமானுவேல் வந்தான். கூடப் படித்தவன், நம்ம ஆள். கடந்தார்கள், சுற்றினார்கள், வினோத் உயரே போய்க் கவிழ்ந்து அவனைப் பார்த்துக்கொண்டே இறங்கினான்.

"பிளைண்ட்" என்றான் இமானுவேல்.

"விஷுவல், விஷுவல்! கன்டினியூ!"

தங்கச்சிமடத்துக் குரல் நிதானமாகச் சொன்னது. "நாக் இட் ஆஃப்."

அலசும் அறை நிரம்பியிருந்தது. வினோத் உள்ளே நுழையும்போதே வெடித்தான். "என்ன சார் இது? திட்டம் போட்டுக் கெடுக்கிறாங்க! எனக்கு ஒவ்வொரு தடவையும் தெரிஞ்சுச்சு!"

"உட்காருங்கள்" என்றார் தேர்வாளர்.

பதிவைப் போட்டார். கேமராவில் அவள் விமானம் நடுப்படத்தில் இருந்தது, இமானுவேலுடையதும் இருந்தது. தேர்வாளர் சத்யப்பிரியா பக்கம் திரும்பினார். "அவருக்குத் தெரிந்திருக்கிறது."

"ஆமா சார்" என்றாள். "இன்னைக்குத் தெரிஞ்சிருக்கு."

"அப்புறம் ஏன் நிறுத்தினாய்?"

"என்னைக்குத் தெரிஞ்சு சொல்றாங்க, என்னைக்குத் தெரியாம சொல்றாங்கன்னு எனக்குத் தெரியல சார். கண்ணு இல்லாம பறக்கையில அத யோசிச்சுக்கிட்டு இருக்க முடியாது. நம்பிக்கை இல்லேன்னா நிப்பாட்டணும்."

கமாண்டர் மேஜையைப் பார்த்தார். போன வாரத்துக் குரல் பதிவில் கேட்ட அந்த ஒன்றுமில்லாத நேரம் எல்லோர் காதிலும் இருந்தது. அன்றே இருந்திருக்கிறது, யாரும் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

"நீ?" என்றார் தேர்வாளர், இமானுவேலிடம்.

"எனக்கு ரெண்டு பிள்ளைக சார்" என்றான் இமானுவேல்.

வினோத் அவனைப் பார்த்தான். இவன் மெஸ்ஸில் சிரித்த சிரிப்புகளெல்லாம் எங்கே போயின? கூடச் சாப்பிட்ட நாய்! என்று வாய்வரை வந்தது. ஆனால் சொல்லவில்லை. அவனுக்கு முதல்முறையாகப் பயமாக இருந்தது.

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "மதியம் இன்னொரு முறை பறக்க நேரம் இருக்கிறது. எனக்கு உங்கள் சண்டையைப் பார்க்க ஆசைதான். இந்த அறையில் யாரையாவது நீங்களே கூப்பிட்டுக்கொள்ளுங்கள்."

வினோத் திரும்பி அறையைப் பார்த்தான். லாரி டிரைவராகக்கூட லாயக்கில்லை என்று அவன் சொன்னவன் இருந்தான். ஸ்டிக் பிடிக்கத் தெரியாது என்று சொன்னவள் இருந்தாள். அவனிடம் பத்துத் தடவை தோற்றவர்கள் நாலு பேர் இருந்தார்கள். இவர்களில் ஒருவர் எதிரியாக வந்தால் போதும். ஒருவர் பறந்து வந்து அவனிடம் தோற்றுத் தந்தால் போதும், அவன் வாத்தியார். "யாரு வாரா?" என்றான். குரல் அவன் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

ஒருவன் ஷூ லேஸைக் கட்டினான். ஒருவன் சுவரில் இருந்த வரைபடத்தைப் படித்தான்.

"நான் வாரேன் சார்" என்று சத்யப்பிரியா எழுந்தாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வினோத்தைப் பார்த்துத்தான் பேசினாள். "இப்பவே வாரேன். நீங்க விஷுவல்னு சொன்னா கடைசிவர நிப்பாட்ட மாட்டேன். அன்னைக்கு உப்பளத்துக்கு மேல நான் தெரியலன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம். அதச் சொல்லிட்டா நீங்க சொல்றத நம்பலாம்."

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். தப்பை ஒப்புக்கொண்டவனை இந்த அறையில் யாரும் கடித்துத் தின்றதில்லை. அது வினோத்துக்கும் தெரியும். சொன்னால் திட்டு விழும், சில நாள் தலையைக் குனிந்து நடக்க வேண்டும். ஆனால் மதியம் பறக்கலாம், வெல்லலாம். சொல்லத்தான் வாயெடுத்தான். அப்போது அவன் கண் அவள் நெஞ்சில் இருந்த பெயர்ப்பட்டையில் பட்டது. சத்யப்பிரியா சே. சேதுராமன். நவதானியப் பொட்டலம். இவள் முன்னாலா? இத்தனை பேர் பார்க்க, இந்த விசில் கேட்டு, நானா?

"தெரிஞ்சுச்சு" என்றான்.

சத்யப்பிரியா தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். வேறு யாரும் எழவில்லை. தேர்வாளர் பேனாவை எடுத்து மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கமாண்டரிடம் கேட்டார்.